காது கிளெய்ம் திரும்பி வருதா? டினையலைப் பாத்து பிழையைப் பிடிக்கிற வழி

இஎன்டி சார்ட் கோட் பண்றவங்க, சார்ஜ் போடுறவங்க, ஏஆர் ஃபாலோ அப் (வராத பணத்தைத் தொடர்ந்து கேக்குற வேலை) பண்றவங்க மூணு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். அமெரிக்க பில்லிங்ல காது வியாதி எல்லாம் ஐசிடி-10-சிஎம்ங்கிற வியாதிக் கோடு புக்ல 8-ஆம் சாப்டர்ல எச்60-ல ஆரம்பிச்சு எச்95-ல முடிஞ்சிடும், பாக்க சின்ன சாப்டர்தான், ஆனா இதுல தடுக்கி விழுறவங்க நெறைய. கோடு கஷ்டம்னு இல்ல, எந்தக் காது, என்ன வகை, புதுசா நாள்பட்டதா, இந்த மூணுல ஏதாவது ஒண்ணு சார்ட்ல (பேஷன்ட்டோட மருத்துவக் குறிப்பு) இல்லாமலே கோடு மட்டும் கிளெய்ம்ல (இன்சூரன்ஸுக்கு அனுப்புற பில்) ஏறிடுது. அதனால கீழ எந்த சிம்ப்டம் வந்தாலும் முதல்ல திறக்க வேண்டியது சார்ட், கோடு புக் ரெண்டாவது. "எந்தக் கோடு போட்டா பாஸ் ஆகும்"னு தேடி மாத்தி அனுப்புற வேலை மட்டும் வேணாம், ஆடிட்ல அந்தப் பணத்தைத் திருப்பி எடுத்துப்பாங்க, அப்புறம் பழைய கிளெய்ம் எல்லாத்தையும் தோண்டுவாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, உங்க கையில இருக்குறது ரிஜெக்ஷனா டினையலான்னு பாருங்க. கிளெய்மை சரிபார்த்து அனுப்புற இடைத்தரகரான கிளியரிங்ஹவுஸ்லயே தட்டிவிட்டது ரிஜெக்ஷன், பேயர் (இன்சூரன்ஸ் கம்பெனி) சிஸ்டத்துக்குள்ள அது போகவே இல்ல, அதுக்கு அப்பீல்னு ஒண்ணு கிடையாது, சரி பண்ணி புது கிளெய்மா அனுப்பினா முடிஞ்சுது. உள்ள போய் ப்ராசஸ் ஆகி பணம் கிடையாதுன்னு வந்தா அது டினையல், பேயர் அனுப்புற கணக்கு அறிக்கையான இஆர்ஏல ஒரு காரணக் கோடும் பக்கத்துல ரிமார்க் கோடும் இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிங்க. சிஓ-16-ஐப் பாத்ததும் "தகவல் மிஸ்ஸிங்"னு நோட்ஸ் அடிச்சுட்டுப் போறவங்கதான் அதிகம், ஆனா பக்கத்துல எம்76 இருந்தா கோளாறு டயக்னோசிஸ் பக்கம்னு அதுவே காட்டிக் குடுக்குது, எம்ஏ130 இருந்தா அப்பீல் உரிமையே இல்ல, புதுசா அனுப்புன்னு அர்த்தம், அங்க உட்கார்ந்து அப்பீல் லெட்டர் டைப் பண்ணா டைம்லி ஃபைலிங் (கிளெய்ம் அனுப்புற கெடு) தான் கரையும்.

டயக்னோசிஸ் கோடு இன்வாலிட்னு வருது

இது பெரும்பாலும் எழுத்து எண்ணிக்கைக் கோளாறு. சீழ் பிடிச்ச அக்யூட் நடுக்காது இன்ஃபெக்ஷன், செவிப்பறை கிழியலைன்னா எச்66.00 குடும்பம், ஆனா அங்கேயே நிறுத்தினா கோடு முழுசாகாது, ஆறாவது எழுத்து வேணும். எச்66.001 வலது, 002 இடது, 003 ரெண்டும், 004-ல இருந்து 007 வரைக்கும் திரும்பத் திரும்ப வர்ற கேஸுக்கு, 009 எந்தக் காதுன்னே சொல்லாததுக்கு. செவிப்பறை தானா கிழிஞ்சிருந்தா இதே வரிசை எச்66.01-ல. டாக்டர் "மறுபடியும் வந்திருக்கு, இந்த வருஷத்துல இது நாலாவது தடவை"ன்னு ஹிஸ்டரில சொல்லிட்டு அசெஸ்மென்ட்ல வெறும் அக்யூட் ஒடிடிஸ் மீடியான்னு விட்டுடுவார், அந்த ஹிஸ்டரியை வச்சு நீங்களா ரிகரன்ட் கோடுக்குத் தாவாதீங்க, கேட்டுக்கோங்க.

அடுத்தது எக்ஸ். சில கோடுல நடுவுல வெறும் இடம் நிரப்ப ஒரு எக்ஸ் உட்காந்திருக்கும்: எச்66.3எக்ஸ்1, எச்72.2எக்ஸ்1, சத்தத்தால உள்காது பாதிச்சதுக்கு எச்83.3எக்ஸ்1. எக்ஸை முழுங்கிட்டு எச்66.31-னு அடிச்சா ஸ்க்ரப்பர் (பிழை பிடிக்கிற சாஃப்ட்வேர்) அங்கேயே கத்தும். காதுக்குள்ள ஏதாவது பொருள் மாட்டிக்கிச்சுன்னா அது இந்த சாப்டர்லயே இல்ல, இஞ்சுரி சாப்டர்ல டி16, வலதுக்கு டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ. கடைசி ஏ இல்லாம அது போகாது.

இன்னொரு பொறி இருக்கு, யாரும் சொல்லித் தரமாட்டாங்க. "எந்தக் காதுன்னு தெரியல"ங்கிறதுக்கு சில இடத்துல 0, சில இடத்துல 9. காது வலின்னா எச்92.09, அதே பக்கத்துல காது ஒழுகுறதுக்கு எச்92.10. மெனியர் (உள்காது வியாதி) எச்81.09, அதுக்கு அடுத்த வரில பிபிபிவி (தலையைத் திருப்பினா வர்ற தலைசுத்தல்) எச்81.10. மனப்பாடமா அடிக்கிறவங்க எச்92.00-னு இல்லாத ஒரு கோடை அடிச்சுட்டு ஏன் ரிஜெக்ட்னு தலையைச் சொறிவாங்க. பேட்டர்னை நம்பாம ஒவ்வொரு தடவையும் கோடு புக்ல டேபுலர் லிஸ்ட்டை (கோடு வரிசைப் பட்டியல்) திறங்க, அதைத் தவிர இதுக்கு வேற வைத்தியம் இல்ல.

எல்லா எழுத்தும் சரியா இருந்தும் சிஓ-146 வந்தா, கோடு நல்லதுதான், அந்த சர்வீஸ் தேதிக்குத்தான் செல்லாது. கோடு செட் ஒவ்வொரு அக்டோபர் 1-க்கும் மாறுது, இப்போ ஏப்ரல் 1-லயும் கொஞ்சம் மாற்றம் வருது. பாக்க வேண்டியது பில் போடுற தேதியை இல்ல, பேஷன்ட்டைப் பாத்த தேதியை. செப்டம்பர் 28 விசிட்டை அக்டோபர் 5-ல பில் போட்டாலும் பழைய செட்தான். மூளை சம்பந்தப்பட்ட தலைசுத்தலுக்கு முன்னாடி எச்81.41, 42-ன்னு காது பிரிச்சு இருந்துச்சு, 2019 அக்டோபர்ல அதையெல்லாம் எடுத்துட்டு வெறும் எச்81.4 ஆக்கிட்டாங்க (மூளைல வர்ற பிரச்சனைக்கு வலது காது இடது காது எதுக்குன்னு அப்பவே கேட்டிருக்கணும்), ஆனா பழைய கோடு குறிப்புத் தாள் (சீட் ஷீட்) வச்சிருக்குற ஆஃபீஸ்ல இன்னும் எச்81.49 வந்துட்டு இருக்கு.

காது எதுன்னு தெரியலைன்னு தட்டுறாங்க, இல்லன்னா மாடிஃபையர் பொருந்தலைன்னு சிஓ-4

சில பேயர் அன்ஸ்பெசிஃபைட் காதுக் கோடை இப்போ எடுக்குறதே இல்ல, குறிப்பா ப்ரொசீஜர் லைன்ல வலது இடதுன்னு மாடிஃபையர் (ப்ரொசீஜர் கோடோட ஒட்டுற குறி) இருக்கும்போது. யோசிச்சுப் பாருங்க, லைன்ல ஆர்டின்னு வலது போட்டுட்டு டயக்னோசிஸ்ல எந்தக் காதுன்னு தெரியாதுன்னா, எந்தக் காதுல கை வச்சாருன்னு அவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஆர்டி மாடிஃபையர், ஆனா டயக்னோசிஸ் எச்61.22, அதாவது இடது காதுக் குறும்பின்னா இன்னும் மோசம்.

சார்ட்டை மேல இருந்து கீழ படிங்க. ஹெச்பிஐல (பேஷன்ட் சொன்ன பிரச்சனையோட வரலாறு) வலது, எக்ஸாம்ல இடது செவிப்பறை சிவந்திருக்கு, ப்ளான்ல ரெண்டு காதுக்கும் ட்ராப்ஸ், இப்படி ஒரே சார்ட்ல மூணு கதை இருக்கும், போன விசிட்டை காப்பி பேஸ்ட் பண்ணதோட லட்சணம். அப்படி முரண்பட்டா நீங்க மெஜாரிட்டி பாத்து முடிவு பண்ண முடியாது, க்வெரி (டாக்டர்கிட்ட எழுத்துல கேக்குற கேள்வி) போட்டே ஆகணும். முரண்பாடு இல்ல, டாக்டர் சும்மா எழுத விட்டுட்டார்னா ஒரு வழி இருக்கு: வியாதியை டாக்டர்தான் சொல்லியிருக்கணும், ஆனா எந்தப் பக்கம்ங்கிறதை மட்டும் நர்ஸ் மாதிரி மத்த கிளினிக்கல் ஸ்டாஃப் எழுதின குறிப்புல இருந்து எடுத்துக்கலாம்னு ஐசிடி கைட்லைன்லயே இருக்கு. இது தெரியாம சின்ன விஷயத்துக்கெல்லாம் க்வெரி போட்டு டாக்டரோட எரிச்சலை வாங்கிக்கிற கோடர்ஸ் உண்டு.

க்வெரி எழுதும்போது பதிலை நீங்களே ஊட்டாதீங்க. "வலது காதுன்னு போட்டுக்கலாமா டாக்டர்"னு கேட்டா அது லீடிங் க்வெரி. "ஹெச்பிஐல வலது, எக்ஸாம்ல இடதுன்னு இருக்கு, பாதிச்ச காது எதுன்னு தெளிவுபடுத்துங்க: வலது, இடது, இரண்டும், வேறு, சொல்ல இயலாது"ன்னு ஆப்ஷனோட கேளுங்க, எந்தக் கோடுக்கு எவ்ளோ பணம்னு அதுல ஒரு வார்த்தை இருக்கக் கூடாது.

ரெண்டு காதுலயும் இருந்தா பைலேட்டரல் கோடு இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஒண்ணு போதும், எச்61.21-ஐயும் எச்61.22-ஐயும் சேர்த்துப் போட வேணாம், எச்61.23 தான். ஆனா எல்லாத்துக்கும் அப்படி ஒரு கோடு கிடையாது. டி16-க்கு இல்ல, அடிபட்டு செவிப்பறை கிழிஞ்சதுக்கான எஸ்09.2-க்கும் இல்ல. குழந்தை ரெண்டு காதுலயும் மணியைத் திணிச்சுக்கிட்டா டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ, டி16.2எக்ஸ்எக்ஸ்ஏ ரெண்டும் தனித்தனியா வரணும், எடுத்ததுக்கு ப்ரொசீஜர் கோடு 69200.

குறும்பி எடுத்த பில் திரும்பி வருது

இஎன்டி பில்லிங்ல அதிகமா சண்டை நடக்குற இடம் இதுதான், அதனால கொஞ்சம் மெதுவா போகலாம்.

ரெண்டு சிபிடி கோடு (செஞ்ச வேலைக்கான கோடு). 69210 கருவி வச்சு எடுக்குறது, க்யூரெட், ஃபோர்செப்ஸ், சக்ஷன் மாதிரி. 69209 தண்ணி அடிச்சு கழுவி எடுக்குறது, இது 2016-ல வந்த கோடு, ஸ்டாஃப் செஞ்சாலும் போடலாம், 69210-க்கு டாக்டரோ அந்தத் தகுதி இருக்குற ப்ரொவைடரோ கை வச்சிருக்கணும். ஒரே காதுக்கு ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. முதல்ல கழுவிப் பாத்தாங்க, வரல, அப்புறம் க்யூரெட்ல எடுத்தாங்கன்னா 69210 மட்டும்.

ரெண்டு கோடுலயும் பொதுவான வார்த்தை இம்பேக்டட், அதாவது அடைச்சு இறுகினது. சார்ட்ல "குறும்பி இருந்தது, எடுக்கப்பட்டது"ன்னு மட்டும் இருந்தா இது போகாது, அந்த வேலை விசிட் கோடுக்குள்ளயே அடங்கிடும். எதை இம்பேக்டட்னு சொல்லலாம்ங்கிறதுக்கு அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஓட்டோலாரிஞ்சாலஜி ஒரு வரையறை வச்சிருக்கு: செவிப்பறையையோ காதுக் குழாயையோ பாக்க விடாம மறைச்சிருந்தா, ரொம்பக் கெட்டியா காய்ஞ்சு வலி அரிப்பு கேக்காமப் போறதுன்னு தொந்தரவு குடுத்தா, நாத்தமோ இன்ஃபெக்ஷனோ தோல் அழற்சியோ கூட இருந்தா, இல்ல மேக்னிஃபிகேஷனும் பல கருவியும் டாக்டர் கையும் இல்லாம எடுக்கவே முடியாத அளவுக்கு அடைச்சிருந்தா. இதுல ஒண்ணு இருந்தாலே போதும், ஆனா அது சார்ட்ல எழுத்தா இருக்கணும். எடுத்த கருவி பேரு, எந்தக் காது, எடுத்ததுக்கு அப்புறம் செவிப்பறை எப்படி தெரிஞ்சுதுங்கிறதும் இருந்துட்டா சிஓ-50 (மருத்துவத் தேவை இல்லைன்னு டினையல்) வந்தாலும் ரெக்கார்ட்ஸ் அனுப்பி ஜெயிக்கலாம்.

விசிட் சிஓ-97-ல (வேற சர்வீஸுக்குள்ள அடங்கிடுச்சுன்னு) போச்சு, குறும்பிக்கு மட்டும் பணம் வந்துச்சுன்னா, விசிட் தனி வேலைன்னு சொல்ற மாடிஃபையர் 25 இருக்கான்னு பாருங்க. இல்லன்னா உடனே சேர்க்காதீங்க, சேர்க்கத் தகுதி இருக்கான்னு படிங்க. பேஷன்ட் காது அடைப்புன்னு வந்தார், பாத்தாங்க, குறும்பி எடுத்தாங்க, போயிட்டார். அங்க தனி விசிட் எதுவுமில்ல, அந்தப் பாக்குற வேலை ப்ரொசீஜருக்குள்ளயே இருக்கு. குறும்பி எடுத்ததுக்கு அப்புறமும் காது கேக்கலைன்னு சொன்னாரு, அதுக்குத் தனியா ஹிஸ்டரி எடுத்து டெஸ்ட் ஆர்டர் பண்ணாங்க, மருந்து மாத்தினாங்கன்னா 25 தாராளமா போடலாம். 25-க்கு வேற டயக்னோசிஸ் இருந்தே ஆகணும்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, அப்படி ரூல் இல்ல. ரெண்டு டயக்னோசிஸ் இருந்தா பேயருக்குப் புரிய வைக்கிறது சுலபம், அவ்ளோதான்.

ரெண்டு காதுலயும் எடுத்தா என்ன ஆகுதுங்கறது பேயரைப் பொறுத்தது. 2014-ல 69210-ஐ ஒரு காதுக்கான கோடா மாத்தினாங்க, அதனால சிபிடி படி ரெண்டு காதுன்னா மாடிஃபையர் 50. ஆனா மெடிகேர் (முக்கியமா முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) அதை ஏத்துக்கல, ஃபீ ஷெட்யூல்ல பைலேட்டரல் இண்டிகேட்டர் 2-ன்னு வச்சிருக்கு, அதாவது ரெண்டு காதுக்கும் சேர்த்துதான் அந்த ரேட்டே, ஒரு யூனிட்தான் கிடைக்கும். மெடிகேர்ல 50 போட்டு 150 சதவீதம் வரும்னு காத்திருக்குறதும், பாதிப் பணம்தான் வந்துச்சுன்னு அண்டர்பேமென்ட் லிஸ்ட்ல ஏத்துறதும் வீண் வேலை. கமர்ஷியல் (தனியார்) பேயர்ல 50-ஐ எடுக்குறவங்க உண்டு, ஆர்டி எல்டின்னு ரெண்டு லைன் கேக்குறவங்களும் உண்டு, பேயர் பாலிசி பாத்து பில்லிங் ரூல் ஒரு தடவை செட் பண்ணிட்டா நிம்மதி.

அதே நாள் ஆடியோகிராமும் (கேள்திறன் டெஸ்ட்) இருந்துச்சா? அப்போ இன்னொரு வாசல். ஆடியாலஜிஸ்ட் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி தானே குறும்பி எடுத்தா அதுக்குத் தனி பில் கிடையாது, டெஸ்டுக்குள்ள அடக்கம். அது ஆடியாலஜிஸ்ட்டால முடியாம டாக்டரே எடுத்திருந்தா மெடிகேருக்கு 69210 போகாது, ஜி0268 போகணும், ஒரு காதோ ரெண்டு காதோ ஒரே யூனிட். ஆடியோகிராம் நாள்ல மட்டும் 69210 வரிசையா பண்டில் ஆகி வந்தா காரணம் இதுதான்.

மைக்ராஸ்கோப் வச்சு குறும்பி எடுத்துட்டு மைக்ராஸ்கோப்ல காது பாக்குறதுக்கான 92504-ஐ கூட சேர்த்து விடுறாங்க சிலர். அது தனி டயக்னோஸ்டிக் ப்ரொசீஜர், எடுக்குறதுக்கு வெளிச்சமும் பெரிதாக்கலும் தேவைப்பட்டதுக்கு அதைப் போட முடியாது.

ரெண்டு டயக்னோசிஸும் சரி, சேர்ந்தா மட்டும் தட்டுது

எக்ஸ்க்ளூட்ஸ்1. ஒரு கோடு கீழ அந்த நோட் இருந்தா அதுல சொன்ன கோடை இதோட சேர்க்கக் கூடாதுன்னு அர்த்தம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத தனிப் பிரச்சனைன்னா தவிர. காதுல அடிக்கடி மாட்டுறது செவிப்பறை ஓட்டை. அக்யூட் சீழ் இன்ஃபெக்ஷன்ல கிழிஞ்சிருந்தா எச்66.01-லயே கிழிஞ்சது சேர்ந்து இருக்கு, மேல எச்72 போடாதீங்க. நாள்பட்ட சீழ் இன்ஃபெக்ஷனோட ஓட்டைன்னா கதை வேற, அங்க எச்66.1 மாதிரி கோடு முதல்லயும் எச்72 ரெண்டாவதாவும் வரணும், வரிசை மாறினாலும் சில எடிட் (சிஸ்டத்தோட தானியங்கி சோதனை) பிடிக்கும். அடிபட்டு இப்போதான் கிழிஞ்சிருக்குன்னா எஸ்09.2, அடிபட்டது எப்பவோ, ஓட்டை மூடாமலே நிக்குதுன்னா அது எச்72-க்கு வந்துடும். அறை வாங்கின கதையை ஹிஸ்டரில பாத்ததும் எஸ் கோடுக்கு ஓடாதீங்க, தேதியைப் பாருங்க.

ஆர்42-ஐயும் (வெறும் தலைசுத்தல் அறிகுறி) எச்81-ஐயும் (தலைசுத்தல் வியாதி) சேர்க்குறதும் இதே தப்புதான். அப்புறம் எக்ஸ்க்ளூட்ஸ் நோட் இல்லாமலே தப்பா வர்ற ஜோடி ஒண்ணு: நடுக்காது இன்ஃபெக்ஷன்னு உறுதியா எழுதியிருக்கும்போது கூடவே எச்92.01-ன்னு காது வலி. வலி அந்த வியாதியோட பாகம், தனியா வேணாம். டயக்னோசிஸ் உறுதியாகலைன்னா மட்டும் வலிதான் முதல் கோடு.

காது கேளாமைக் கோடு போட்ட ஆடியோகிராம் கிளெய்ம் நிக்குது

எச்90-ல ஒரு காதுக்கான கோடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வால் இருக்கு, அதைப் படிக்காமலே போடுறாங்க. எச்90.41-னா வலது காது சென்சரிநியூரல் (உள்காது இல்லன்னா நரம்புக் குறை), *அடுத்த காது நல்லா கேக்குது*. அடுத்த காதுலயும் குறை இருந்தா இந்தக் கோடு தப்பு. 2016 அக்டோபருக்கு முன்னாடி இதுக்கு சரியான வழியே இல்ல, அப்புறம்தான் எச்90.ஏ வந்துச்சு, அடுத்த காதும் குறைஞ்சிருக்குங்கிறவங்களுக்காக. வலதுல கண்டக்டிவ் (சத்தம் உள்ள போற வழில தடை), இடதுல சென்சரிநியூரல்னா எச்90.ஏ11-ம் எச்90.ஏ22-ம் ஜோடியா வரும். வலதுல மிக்ஸட் (ரெண்டு வகையும் சேர்ந்தது), இடதுல சென்சரிநியூரல்னா எச்90.ஏ31, எச்90.ஏ22. ரெண்டுலயும் ஒரே வகைன்னா ஏ பக்கமே போக வேணாம், கண்டக்டிவ்க்கு எச்90.0, சென்சரிநியூரலுக்கு எச்90.3, மிக்ஸடுக்கு எச்90.6. எச்90.41-ஐயும் எச்90.42-ஐயும் சேர்த்துப் போட்ட கிளெய்ம் பாத்தீங்கன்னா சிரிப்பு வரும், வலது கெட்டது இடது நல்லது, இடது கெட்டது வலது நல்லதுன்னு ஒரே பேஷன்ட்டைப் பத்தி சொல்லுது.

சார்ட்ல ஆடியோகிராம் கிராஃப் மட்டும் இருக்கு, யாரும் வகையை எழுதலைன்னா கிராஃபைப் பாத்து நீங்களே எலும்பு வழியா கேக்குறதுக்கும் காத்து வழியா கேக்குறதுக்கும் உள்ள இடைவெளியை அளந்து கண்டக்டிவ்னு முடிவு பண்ணக் கூடாது, உங்களுக்கு நல்லா படிக்கத் தெரிஞ்சாலும் கூட. அப்போதைக்கு எச்91.9 குடும்பம்தான், இல்ல க்வெரி. வயசானதுல வந்ததுன்னு டாக்டர் எழுதினா எச்91.1, திடீர்னு காரணம் தெரியாமப் போச்சுன்னா எச்91.2. டெஸ்ட் நார்மல்னு வந்தா எதுக்காக அனுப்பினாங்களோ அந்த அறிகுறியைப் போடுங்க, காதுல இரைச்சல்னா எச்93.1, நாடித் துடிப்போட சேர்ந்து இரையுதுன்னா அதுக்குத் தனியா எச்93.ஏ இருக்கு.

ப்ரொசீஜர் பக்கம் வாங்க. 92557 (முழு கேள்திறன் டெஸ்ட்) போட்ட அன்னைக்கே 92553-ம் 92556-ம் போச்சுன்னா அது பிரிச்சு விக்கிறது, 92557 அந்த ரெண்டும் சேர்ந்ததுதான். டிம்பனோமெட்ரி (செவிப்பறை அசைவு டெஸ்ட்) 92567, காதுத் தசையோட ரிஃப்ளெக்ஸ் த்ரெஷோல்டும் சேர்த்துப் பண்ணா 92550, ரிஃப்ளெக்ஸ் டிகேயும் பண்ணா 92570, மூணுல ஒண்ணுதான் வரும். இந்த டெஸ்ட் எல்லாமே ரெண்டு காதையும் கணக்குல வச்ச கோடு, 50 போட்டா சிஓ-4, ஒரு காதுக்கு மட்டும் பண்ணியிருந்தா மாடிஃபையர் 52 (குறைச்சு செஞ்ச சர்வீஸ்).

மெடிகேர்ல டெஸ்டுக்கு டாக்டர் ஆர்டர் வேணும், ஆர்டர் பண்ணவரோட என்பிஐ (ப்ரொவைடர் அடையாள எண்) கிளெய்ம் ஃபார்ம்ல பாக்ஸ் 17பி-ல இல்லன்னா அங்கேயே நிக்கும். 2023 ஜனவரில இருந்து ஒரு விலக்கு: அவசரமில்லாத கேள்திறன் குறைக்கு 12 மாசத்துக்கு ஒரு தடவை ஆர்டர் இல்லாமலே ஆடியாலஜிஸ்ட்டைப் பாக்கலாம், அதுக்கு ஏபி மாடிஃபையர். தலைசுத்தலுக்கான டெஸ்ட் அதுல சேராது. ஹியரிங் எய்ட் மெடிகேர்ல சட்டப்படியே கவர் கிடையாது, அதுக்கு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல, செகண்டரி இன்சூரன்ஸ்ல வாங்கணும்னா ஜிஒய் மாடிஃபையர் (சட்டப்படி கவர் இல்லாததுன்னு குறி) போட்டு அனுப்பி பேஷன்ட் பொறுப்புன்னு டினையல் வாங்கிக்கிட்டு அதைக் காட்டி செகண்டரிக்குப் போங்க.

தலைசுத்தல் கிளெய்ம்

95992, அதாவது எப்லி மாதிரி பொசிஷன் மாத்துற சிகிச்சை, டயக்னோசிஸ் ஆர்42-ஆ இருந்தா சிஓ-11 (டயக்னோசிஸ் ப்ரொசீஜருக்குப் பொருந்தலைன்னு) இல்லன்னா சிஓ-50 வரும். பேயருக்கு வேணும்ங்கிறது எச்81.1. ஆனா சார்ட்ல "பிபிபிவியா இருக்கலாம்"னு இருந்தா அவுட்பேஷன்ட்ல அதைக் கோட் பண்ண முடியாது. இருக்கலாம், சந்தேகம், ரூல் அவுட் எல்லாம் கணக்குலயே வராது, ஆர்42 தான். டிக்ஸ் ஹால்பைக் டெஸ்ட் வலது பக்கம் பாசிட்டிவ்னு எழுதிட்டு டயக்னோசிஸ்ல "இருக்கலாம்"னு பழக்க தோஷத்துல விட்டுடுற டாக்டர்ஸ் இருக்காங்க, அங்க க்வெரி போட்டா பெரும்பாலும் உறுதியா எழுதிக் குடுத்துடுவாங்க. 95992 ஒரு நாளைக்கு ஒரு யூனிட், எத்தனை தடவை சுத்திப் படுக்க வச்சாலும் அதேதான்.

ட்யூப் வச்ச கேஸ்

செவிப்பறைல ட்யூப் வைக்க 69433 லோக்கல் அனஸ்தீஷியா, 69436 ஜெனரல். அனஸ்தீஷியா க்ரூப் தனியா ஜெனரல்னு பில் போட்டிருக்க நீங்க 69433 போட்டா ரெண்டு கிளெய்மும் மோதும். ரெண்டு காதுன்னா 50. பழைய ட்யூபை எடுத்துட்டு அதே காதுல புதுசு வச்சா எடுத்ததுக்குத் தனியா 69424 கிடையாது. 69436-க்கு க்ளோபல் (ஆபரேஷன் பணத்துலயே பின்கவனிப்பும் அடங்குற காலம்) 10 நாள், 69631 மாதிரி டிம்பனோப்ளாஸ்டிக்கு (செவிப்பறையை சரிபண்ற ஆபரேஷன்) 90 நாள், அந்த நாளுக்குள்ள வழக்கமான செக்கப் விசிட் சிஓ-97-ல போனா அது சரியாத்தான் போயிருக்கு, சம்பந்தமே இல்லாத வேற பிரச்சனைக்கு வந்திருந்தா மட்டும் மாடிஃபையர் 24. பின்னாடி வர்ற விசிட்ல ட்யூப் இருக்குன்னு சொல்ல இசட்96.22.

எல்லாமே சரியா இருக்கு, ஆனாலும் சிஓ-11

பாயின்டரை, அதாவது எந்த லைன் எந்த டயக்னோசிஸுக்குன்னு காட்டுற குறியைப் பாருங்க. பாக்ஸ் 21-ல 12 டயக்னோசிஸ் வரைக்கும் போகும், ஒவ்வொரு லைனும் பாக்ஸ் 24இ-ல அதுல நாலு வரைக்கும் காட்டலாம். முதல் இடத்துல பிபி, ரெண்டாவதுல குறும்பின்னு இருக்க, 69210 லைன் முதல் இடத்தைக் காட்டிக்கிட்டு இருக்கும். பிபிக்கு எதுக்கு காதுல குறும்பி எடுத்தீங்கன்னுதான் பேயர் கேக்குறார். சாஃப்ட்வேர் தானா எல்லா லைனுக்கும் முதல் டயக்னோசிஸையே போட்டுடும், சார்ஜ் என்ட்ரில யாரும் திருத்த மாட்டாங்க.

திருப்பி அனுப்பும்போது

பிழையைக் கண்டுபிடிச்சாச்சுன்னா அதே கிளெய்மை மறுபடி சப்மிட் அடிக்காதீங்க, சிஓ-18 டூப்ளிகேட்னு வரும், இப்போ கையில ரெண்டு டினையல். கமர்ஷியல்னா பாக்ஸ் 22-ல 7 போட்டு பழைய கிளெய்ம் நம்பரோட கரெக்டட் கிளெய்ம். மெடிகேர் பார்ட் பி அந்த 7-ஐ எடுக்காது: எம்ஏ130-ஓட வந்ததுன்னா புது கிளெய்ம், டினை ஆனதுல எழுத்துப் பிழை மாதிரி சின்னத் தப்புன்னா ரீஓப்பனிங் (அதே கிளெய்மைத் திறந்து திருத்தச் சொல்றது), மெடிக்கல் நெசசிட்டி தகராறுன்னா ரீடிடர்மினேஷன் (முதல் கட்ட அப்பீல்), அதுக்கு நோட்டீஸ் கிடைச்சதுல இருந்து 120 நாள். முதல் கிளெய்முக்கு சர்வீஸ் தேதில இருந்து ஒரு வருஷம், ரிஜெக்ட் ஆனது அந்தக் கணக்குல அனுப்பினதாவே சேராது.

டாக்டர் அடெண்டம் (சார்ட்ல பின்னாடி சேர்க்குற குறிப்பு) எழுதிக் குடுத்திருந்தா அதுல எழுதின தேதியும் கையெழுத்தும் இருக்கான்னு பாத்துட்டு அப்பீலோட இணைங்க, அடெண்டம் வர்றதுக்கு முன்னாடி கோடை மாத்தி அனுப்பிட்டு பின்னாடி எழுதி வாங்கினா தேதி ரெண்டும் அவங்க கண்ணுலதான் முதல்ல படும்.